பார்வைக்குத் தலைப்பு, கணினிக்கு வெறும் பெட்டி

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் போய் இருப்பது தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்து, கடைசியில் ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். பாமினி நிறுவிய கணினியில் அது தமிழாகத் தெரியும், நிறுவாத கணினியில் அந்த ஐந்து குறியும் அப்படியே வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தில் இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகளில் தட்டச்சுப் பழகிய எவரைக் கேட்டாலும் இந்தக் கதை தெரியும், ஏனென்றால் கும்பாபிஷேக மலர், பாடசாலை வினாத்தாள், கலியாணக் காட் என்று எல்லாவற்றையும் பாமினியில்தான் அடித்தோம். அச்சில் பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கோப்பில் ஒரு பெயரைத் தமிழில் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, எழுத்துருவை மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும்.

'கொ' என்ற ஒரே எழுத்தை எடுங்கள். கண்ணுக்கு முதலில் ஒற்றைக் கொம்பு தெரிகிறது, பிறகு க, பிறகு அரவு. பாமினியும் கண் பார்க்கிற அதே வரிசையில் மூன்று குறியாக வைக்கும். இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட் அப்படி வைப்பதில்லை. முதலில் 'க', அதற்குப் பின்னால் ஒகரம் சேர்கிறது என்கிற குறி, அதாவது நாங்கள் உச்சரிக்கிற, இலக்கணம் சொல்கிற வரிசை. கொம்பை இடப்பக்கமும் அரவை வலப்பக்கமும் போடுகிற வேலையைத் திரையில் வரையும்போது எழுத்துரு பார்த்துக்கொள்ளும். பாமினி தோற்றத்தைச் சேமித்தது, யூனிகோட் பொருளைச் சேமிக்கிறது. எழுத்து விஷயத்தில் இந்தப் பாடத்தைப் பட்டுத் தெளிந்துவிட்டோம். இணையப் பக்கம் கட்டுகிற விஷயத்தில் எங்களில் பெரும்பாலானோர் இன்னும் பாமினிக் காலத்தில்தான் இருக்கிறோம் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

செமாண்டிக் மார்க்கப் என்பார்கள். பொருளறிந்து குறியிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கம் எழுதுகிற மொழியான எச்.ரி.எம்.எல். இல் பக்கத்தின் ஒவ்வொரு துண்டையும் ஒரு குறிச்சொல்லுக்குள் வைக்கிறோம். இது தலைப்பு என்றால் எச்1 முதல் எச்6 வரை ஒன்று, பந்தி என்றால் பி, பக்கங்களுக்குள் போய்வருகிற பட்டி என்றால் நாவ், முதன்மை உள்ளடக்கம் என்றால் மெயின், அழுத்துகிற பொத்தான் என்றால் பட்டன். இவை ஒவ்வொன்றும் 'நான் இன்னது' என்று சொல்லும். டிவ், ஸ்பான் என்று இரண்டு இருக்கின்றன, அவை எதையும் சொல்லாத வெறும் பெட்டிகள். பக்கத்தின் தோற்றத்தை மட்டும் தீர்மானிக்கிற சி.எஸ்.எஸ். கையில் இருந்தால் ஒரு டிவ்வைத் தலைப்புப் போலவும் பொத்தான் போலவும் பட்டி போலவும் அச்சொட்டாக வேஷம் கட்டிவிடலாம். பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் தெரிவது பக்கத்தைப் பார்க்காமல் வாசிக்கிறவர்களுக்கு, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கிற திரைவாசிப்பான் வைத்திருப்பவர், தேடுபொறி, உலாவியின் வாசிப்பு முறை, மொழிபெயர்ப்புக் கருவி, நாளைக்கு அந்தப் பக்கத்தை ஆவணப்படுத்தப் போகிற ஒருவர்.

ஏட்டுச்சுவடி பார்த்தவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. ஏட்டில் புள்ளி பெரும்பாலும் இராது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது, மூலமும் உரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஆறுமுக நாவலரும் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் சுவடியை அச்சுக்குக் கொண்டுவந்தபோது செய்த பெரிய வேலைகளில் ஒன்று, இது மூலம், இது உரை, இது மேற்கோள், வாக்கியம் இங்கே முடிகிறது என்று குறித்துப் பிரித்ததுதான். அந்த வேலையைத்தான் நாங்கள் திரையில் செய்யாமல் விடுகிறோம்.

வலை தொடங்கியபோது நிலைமை இப்படி இருக்கவில்லை. 1991இல், வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வுகூடத்திலிருந்து வெளியிட்ட முதல் பட்டியலில் இருந்தவை பதினெட்டே குறிச்சொற்கள்தான். தலைப்பு, பந்தி, பட்டியல், இணைப்பு, முகவரி என்று எல்லாம் 'இது என்ன' என்பதைச் சொல்பவை. நிறத்துக்கோ எழுத்தின் அளவுக்கோ அதில் எதுவும் இருக்கவில்லை. பிறகு வலை வணிகமானது, எல்லோருக்கும் பக்கம் அழகாக வேண்டும், நெற்ஸ்கேப் உலாவி ஃபொன்ட் என்ற குறிச்சொல்லைக் கொண்டுவந்தது, 1997 ஜனவரியில் வந்த எச்.ரி.எம்.எல். 3.2 அதைத் தரத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. பக்கத்தை நிரல் நிரலாகப் பிரிக்க அட்டவணைக்குள் அட்டவணை போட்டார்கள். தமிழ்ப் பக்கங்களில் 'ஃபொன்ட் ஃபேஸ் பாமினி' என்று எழுதித்தான் தமிழைத் தெரியவைத்தோம், எழுத்திலும் பொருள் இல்லை, குறியிலும் பொருள் இல்லை. ஹோக்கன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்த சி.எஸ்.எஸ். 1996 டிசம்பரில் தரமாக வந்தது. ஒரே வருடத்தில் எச்.ரி.எம்.எல். 4.0 ஃபொன்ட்டைத் தவிர்க்கச் சொன்னது. அட்டவணை போய் டிவ் வந்தது. சரி, நல்ல மாற்றம்தான், ஆனால் எல்லாமே டிவ் ஆகிப்போனது அடுத்த சிக்கல்.

2005 டிசம்பரில் கூகுளில் நூறு கோடிக்குச் சற்று மேற்பட்ட ஆவணங்களை எடுத்து, ஆட்கள் தங்கள் பெட்டிகளுக்கு என்ன கிளாஸ் பெயர், அதாவது அடையாளப் பெயர், வைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். அடிப்பகுதி, பட்டி, தலைப்பு, உள்ளடக்கம், மேற்பகுதி, வழிகாட்டல் என்ற அர்த்தம் தரும் ஆங்கிலப் பெயர்களே முன்வரிசையில் நின்றன. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஆட்கள் பொருளைக் குறித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், ஆனால் அது அவரவர் வைத்த செல்லப்பெயராக இருந்ததால் எந்தக் கருவிக்கும் நிச்சயமாக விளங்கவில்லை. எச்.ரி.எம்.எல். 5 இல் மேற்பகுதிக்கு ஹெடர், அடிப்பகுதிக்கு ஃபுட்டர், வழிகாட்டலுக்கு நாவ், தனியே நிற்கிற ஓர் ஆக்கத்துக்கு ஆர்ட்டிக்கிள் எல்லாம் வந்ததற்கு இந்த எண்ணிக்கை ஓர் ஆதாரம். 2014 ஒக்டோபரில் அது முழுத் தரமாக வெளிவந்தது. பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, குறிச்சொற்கள் தயாராக இருக்கின்றன, இன்னும் டிவ்வுக்குள் டிவ் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊர் இணையத்தில் அதிகம் வாசிக்கப்படுவது என்ன என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன், மரண அறிவித்தல். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறவர்கள் காலையில் எழும்பியதும் பார்ப்பது அதைத்தான். அதை எப்படிப் போடுகிறோம்? பல இடங்களில் ஒரே படமாக. மேலே மாலையிட்ட புகைப்படம், பெயர், தோற்றம், மறைவு, 'அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும் நீண்ட வாக்கியம், யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாயார் என்று உறவுகள், கடைசியில் இறுதிக்கிரியை விபரம், தகவல் குடும்பத்தினர். இவ்வளவும் படத்தின் புள்ளிகளாக உறைந்துபோய் இருக்கும். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை எழுத்தில் சொல்கிற மாற்றுரையைப் போடுகிற ஆல்ட் என்ற இடம் வெறுமையாக இருக்கும், இல்லாவிட்டால் கமராக் கோப்பின் எண் இருக்கும்.

அந்த அறிவித்தலை எழுத்தாகவே, பொருளறிந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். முழுவதும் ஓர் ஆர்ட்டிக்கிள். இறந்தவரின் பெயர் எச்1. தோற்றம், மறைவு, பிறப்பிடம், வதிவிடம் நான்கும் விபரப் பட்டியல், அதற்கென்றே டி.எல். என்ற குறி 1991இன் பட்டியலிலேயே இருக்கிறது, ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் அதன் விபரம். உறவுகளைச் சொல்கிற வாக்கியம் ஒரு பந்தி. இறுதிக்கிரியை விபரம் எச்2 உடன் ஒரு பகுதி. திகதியை மட்டும் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். 03.04.2024 என்று நாங்கள் எழுதினால் அது ஏப்ரல் மூன்று, ஆனால் மாதத்தை முன்னுக்கு எழுதிப் பழகிய அமெரிக்காவில் இருக்கிற பேரனுக்கு அது மார்ச் நான்கு. காலை பத்து மணி என்பது எந்த ஊர்ப் பத்து மணி என்பதும் அவருக்குத் தெரியவேண்டும். டைம் என்ற குறிச்சொல் இதற்குத்தான் இருக்கிறது: கண்ணுக்கு '3 ஏப்ரல் 2024, புதன்கிழமை, காலை 10 மணி' என்று தமிழில் எழுதிவிட்டு, அந்தக் குறிச்சொல்லுக்குள் எழுதுகிற, கண்ணுக்குத் தெரியாத பண்பில் வருடம், மாதம், நாள், மணி, கூடவே இலங்கை நேரத்துக்குரிய கூட்டல் 05:30 என்று கொடுக்கலாம். உலாவி தானாக அதை ரொறன்ரோ நேரத்துக்கு மாற்றிக் காட்டாது, அதற்குச் சிறிதாக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் எழுதவேண்டும், ஆனால் தகவல் உள்ளே சரியாக இருந்தால்தானே எழுதலாம். இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால் 2011இல் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து தொடங்கிய, தகவலைத் தேடுபொறிக்கு விளங்கவைக்கிற ஸ்கீமா சொற்தொகுதியில் ஆள் என்ற வகைக்குப் பிறந்த திகதி, இறந்த திகதி, பிறந்த இடம் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. அட்ரஸ் குறியை மாத்திரம் மயானத்தின் முகவரிக்குப் போட்டுவிடாதீர்கள், அது அந்தப் பக்கத்துக்கு அல்லது கட்டுரைக்குப் பொறுப்பானவரைத் தொடர்புகொள்கிற விபரத்துக்கு மட்டும் உரியது.

இதில் நான் இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அறிவித்தல்கள்தான் எங்களில் பலருக்கு எஞ்சியிருக்கிற வம்சாவளிப் பதிவு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டிலிருந்த கடதாசிகள் போய்விட்டன. முப்பது வருடம் கழித்துப் புங்குடுதீவில் பிறந்த கொப்பாட்டியைத் தேடுகிற பிள்ளைக்குக் கையில் இருக்கப்போவது ஒரு பெயரும் ஓர் ஊரும்தான், அந்த இரண்டும் படத்துக்குள் புதைந்திருந்தால் அவர் எதைத் தட்டித் தேடுவார்? 2005 முதல் நூலகம் திட்டம் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் பண்ணி இணையத்தில் வைக்கிறது. ஸ்கான் பண்ணிய பக்கம் வெறும் படம்தான், ஆனாலும் நூலாசிரியர், வெளியீட்டாண்டு, வகை என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி வைத்திருப்பதால் தேடுகிறவருக்கு அது அகப்படுகிறது. குறித்து வைத்தது அகப்படும். இன்றைக்கு நாங்களே புதிதாகத் தட்டச்சுப் பண்ணுகிற ஒன்றை வலிந்து படமாக்கி, குறிப்பும் இல்லாமல் விடுவது எனக்கு மனசு பொறுக்காத காரியம்.

அடுத்தது பொத்தான். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், பார்வையில்லாதவர், பல்கலைக்கழகத்தில் படிக்கிறார், மடிக்கணினியில் என்விடிஏ பாவிக்கிறார். அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரோடு சேர்ந்து வளர்த்த இலவச திரைவாசிப்பான் அது, கூடவே வருகிற குரலில் தமிழும் உண்டு. போன வருடம் ஒரு கொடுப்பனவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பக்கம் பார்க்க நல்ல நேர்த்தி, பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு என்று வரிசையாகப் பெட்டிகள், கீழே பச்சை நிறத்தில் சமர்ப்பிக்கும் பொத்தான். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராப் விசையை அழுத்த அழுத்த, கணினி எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி, எழுதும் இடம், வெறுமை, எழுதும் இடம், வெறுமை என்ற பொருள்பட ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனது.

"அண்ணை, பெட்டி பெட்டியா வருது, எந்தப் பெட்டிக்கு என்ன எழுதுறது எண்டு சொல்லுதில்லை," என்றார். ஒரு மாதிரி எண்ணி எண்ணி நிரப்பி முடித்த பிறகு, "கடைசியில பொத்தானே இல்லையே?"

இருந்தது, எனக்குத் தெரிந்தது, அவருக்கு இல்லை. அது பச்சை நிறம் பூசிய டிவ். டிவ்வுக்கு ராப் விசை போகாது, என்டர் அழுத்தினாலும் இடைவெளி விசையை அழுத்தினாலும் அசையாது, நான் பொத்தான் என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லவும் சொல்லாது. பட்டன் என்ற குறிச்சொல்லை எழுதியிருந்தால் இவ்வளவும் உலாவி தானாகவே கொடுத்திருக்கும். பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்துக்களும் அப்படித்தான், அவற்றை லேபிள் குறிக்குள் வைத்து எந்தப் பெட்டிக்குரியது என்று கட்டிவிட்டால் போதும். அன்றைக்கு அவர் தன் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கிலக்கத்தையும் எனக்கு வாய்விட்டுச் சொல்லித்தான் அந்த விண்ணப்பம் போனது. தனியாக ஒரு படிவம் நிரப்பக்கூடிய, கணினியை என்னைவிட வேகமாகப் பாவிக்கிற ஒருவருக்கு, இரண்டு குறிச்சொல்லைச் சோம்பல்பட்டு எழுதாததால் வந்த நிலை.

இது எங்கள் ஊர்க் குறை மட்டும் இல்லை. வெப்எயிம் என்ற அமெரிக்க அமைப்பு ஒவ்வொரு வருடமும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியால் சோதிக்கிறது. 2024இல் அவற்றில் 95.9 வீதமானவற்றில் பிழை கண்டது. பெரும்பாலான பிழைகள் ஆறே வகை: நிற வேறுபாடு போதாமை, படத்துக்கு மாற்றுரை இல்லாமை, லேபிள் இல்லாத பெட்டி, வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், பக்கத்தின் மொழியைக் குறிக்காமை. முதலாவதைத் தவிர மற்ற ஐந்தும் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிற விஷயமேதான். அதே அமைப்பு திரைவாசிப்பான் பாவிக்கிறவர்களிடம் நீண்ட பக்கத்தில் ஒரு தகவலை எப்படித் தேடுகிறீர்கள் என்று 2021இல் கேட்டபோது 67.7 வீதமானோர் தலைப்புத் தலைப்பாகத் தாவிப் போவோம் என்றார்கள். என்விடிஏயில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு, 2ஐ அழுத்தினால் அடுத்த எச்2. தடித்த எழுத்தில் போட்ட போலித் தலைப்பில் அது நிற்காது.

மொழியைக் குறிப்பது தமிழருக்கு இரட்டிப்பு முக்கியம். பக்கத்தின் உச்சியில் லாங் என்று ஒரு பண்பு இருக்கிறது, தமிழ் என்றால் அதில் ஆங்கில ரி, ஏ இரண்டெழுத்து. ஆயத்த வார்ப்புரு எடுத்துக் கட்டுகிற பக்கங்களில் அது ஆங்கிலம் என்றே கிடக்கும், ஒருவரும் தொட மாட்டார்கள். திரைவாசிப்பான் அந்தச் சொல்லை நம்பி ஆங்கிலக் குரலுக்கு மாறினால் தமிழெழுத்து வந்த இடத்தைச் சில குரல்கள் பேசாமலே தாண்டிவிடும். மூன்று மொழியில் இயங்குகிற நாட்டில் இருக்கிறோம், பக்கத்தின் மேல் மூலையில் மூன்று மொழிப் பெயரும் இருக்கும், சிங்களத்தில் எழுதிய அந்த ஒரு சொல்லுக்குச் சிங்களம் என்றும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலம் என்றும் தனித்தனியே குறித்துவிட்டால் ஒவ்வொன்றும் அதனதன் குரலில் ஒலிக்கும்.

அழுத்தம் கொடுக்கிற விஷயம் எனக்கு இன்னும் பிடித்தமானது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்த அதைச் சாய்த்து அச்சிடுவார்கள், உலாவிகளும் ஈஎம் என்ற அழுத்தக் குறியைச் சாய்வெழுத்தாகவே காட்டும். தமிழ் அச்சில் சாய்வெழுத்து எங்கள் மரபு இல்லை, 'ஞ', 'ழ' போன்றவற்றைச் சாய்த்தால் கண்ணுக்கு நெருடும். பொருளை மட்டும் குறித்து வைத்திருந்தால் இது பிரச்சினையே இல்லை. லாங் தமிழ் என்று இருக்கிற இடத்தில் ஈஎம் வந்தால் சாய்க்காதே, தடிப்பாக்கு என்று சி.எஸ்.எஸ். இல் ஒரு வரி எழுதினால் முழுத் தளமும் சரியாகிவிடும். வெறுமனே சாய்வு என்று எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திருத்தவேண்டும்.

சில இடங்களில் ஆட்கள் மிகைப்படுத்துவதையும் சொல்லவேண்டும். டிவ் கூடாத பொருள் இல்லை, அழகுக்காக இரண்டு பெட்டியை ஒன்றாகக் கட்ட அதுதான் சரியான குறி, எல்லாவற்றையும் செக்ஷன் என்ற பகுதிக் குறி ஆக்குவதால் ஒரு நன்மையும் வராது. ஒவ்வொரு பகுதியையும் எச்1இல் தொடங்கலாம், உலாவி தானே மட்டத்தைக் கணித்துக்கொள்ளும் என்று பழைய பாடங்களில் இருக்கும், அதை எந்த உலாவியும் செயல்படுத்தவே இல்லை, 2022இல் தரத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். டிவ்வில் 'ரோல் பட்டன்' என்று ஒட்டினால் பெயர் மாறுமே தவிர வேலை மாறாது, விசைப்பலகைக்கு நீங்கள்தான் தனியாக எழுதவேண்டும். பிறகு, இதைச் செய்தால் கூகுளில் முதலிடம் வரும் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்களை நம்பாதீர்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்கு விளங்கும், அந்தளவுதான்.

இவ்வளவு இலகுவான விஷயம் ஏன் நடப்பதில்லை என்று நான் நெடுக யோசிப்பதுண்டு. வேலை தருகிறவர் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்து நிறம் நல்லாயிருக்கிறது என்றால் காசு கொடுத்துவிடுவார், உள்ளே என்ன குறி இருக்கிறது என்று அவர் பார்க்கப்போவதில்லை. இழுத்து விட்டுப் பக்கம் கட்டுகிற கருவிகளில் பெரிய எழுத்து வேண்டும் என்றால் அளவை 32 ஆக்குவது ஒரு சொடுக்கு, அது எந்த மட்டத் தலைப்பு என்று தெரிவது இன்னொரு சொடுக்கு, அந்த இரண்டாவது சொடுக்கை வகுப்பில் யாரும் கேட்பதில்லை. ஆறு மாதப் பாடநெறியில் சி.எஸ்.எஸ். அசைவுகளுக்கு ஒரு மாதம் போகும், லேபிளுக்கு ஐந்து நிமிடம். படிப்பிக்கிறவர்கள் மாணவர்களை ஒரு நாள் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தாங்கள் கட்டிய பக்கத்தை ராப் விசையால் மட்டும் பாவிக்கச் சொன்னால் போதும், மீதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பயர்பொக்ஸில் பார்வைப் பட்டிக்குள் போய்ப் பக்கப் பாணியை இல்லை என்று ஆக்கினால் சி.எஸ்.எஸ். முழுவதும் கழன்றுவிடும், அப்போது பக்கம் மேலிருந்து கீழே ஒரு ஒழுங்கான கட்டுரை போல வாசிக்கக்கூடியதாக இருந்தால் உள்ளே எலும்பு இருக்கிறது.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பக்கத்தை அப்படித்தான் ஒரு பின்னேரம் இருந்து திருத்தினேன். அறிவித்தல்கள், வாசிகசாலை நேரம், விளையாட்டுக் கழகம், தொடர்பு, இவ்வளவும்தான் அதில். டிவ்களை எடுத்து நாவ், மெயின், ஃபுட்டர் ஆக்கினேன், தடித்த எழுத்துக்களை எச்2 ஆக்கினேன், லாங்கைத் தமிழாக்கினேன், படமாகப் போட்டிருந்த நேர அட்டவணையைத் தட்டச்சுப் பண்ணி உண்மையான அட்டவணையாக்கி, நிரல்களுக்கும் கிழமைகளுக்கும் தலைப்புக் கலம் குறித்தேன். பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை, நிலையத் தலைவர் திறந்து பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தம்பிக்கு இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ரெலிபோன் எடுத்தேன். அந்தப் பக்கத்தில் எச் விசை மூன்று தரம் தட்டுப்படுவது கேட்டது, பிறகு ரி ஒரு தரம், அட்டவணைக்குள் போய்விட்டார், கொஞ்ச நேரம் அந்தத் தமிழ்க் குரல் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலை பூட்டோ?"